சிப்பி மேட்டில் இரண்டு பேர்

மண்ணை எப்படி வெட்டுவது, சுவரை எப்படிச் சீவுவது, எலும்பை எந்தத் தூரிகையால் துடைப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நெடுங்காலம் அகழ்வு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித்தரும்படி கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். நான் கண்டெடுத்தவற்றுக்கு அறிக்கைகள் இருக்கின்றன. நான் சொல்லியிருக்கக்கூடாத ஒரு வசனம் எந்த அறிக்கையிலும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கற்பிட்டிக்குப் போகிற வழியில், உப்புநீர்க் களப்புப் பக்கமாக, ஒரு சிப்பி மேடு இருந்தது. காணிக்காரர் அதை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் மண் வெட்டும் பெக்கோ மெஷினின் வாயில் சிப்பியோடு சேர்ந்து ஒரு மண்டையோட்டின் பாதி வந்தது. மெஷின் ஓட்டியவர் என்ஜினை நிறுத்தாமலே இறங்கி ஓடிவிட்டாராம். பொலிஸ் வந்தது. விஷயம் நீதவானிடம் போனது. வெட்டிய இடத்தில் கல் சில்லுகளும் கிடப்பதாக யாரோ சொன்னதால் எங்களையும் அழைத்தார்கள்.

அந்த அழைப்பு வந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த பிழை உங்களுக்கு விளங்காது. நான் தலவிலப் பக்கத்துப் பெண். அப்பா கரைவலைக்காரர். இந்த நாட்டில் ஆதி மனிதரைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் மலைநாட்டுக் குகைகளுக்குத்தான் போவார்கள். நானும் வருடக்கணக்காக அந்தக் குகைகளில் குந்தியிருந்து மண் அரித்தேன். ஆனால் விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் கரையின் சிவப்பு மணலில் குனிந்தபடி நடப்பேன். கை நகத்தளவு வெள்ளைப் படிகக்கல் சில்லுகள் அங்கங்கே கிடக்கும். ஒரு பக்கம் கத்திபோலத் தீட்டப்பட்டிருக்கும். காற்றில் மேல் மண் பறந்துபோய், அடியில் இருந்தது வெளியே வந்து, எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். இதை உடைத்த கை எது? அந்த ஆள் எங்கே படுத்துக் கிடக்கிறார்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர்களில் ஒருவரை என் கரையிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இருந்தது. கோயில் திருவிழாவுக்குப் போனால்கூட மற்றவர்கள் கேட்கிற வரங்களை விட்டுவிட்டு நான் இதைத்தான் கேட்பேன்.

மேட்டை அடைந்ததும், பெக்கோ வெட்டிய சுவருக்கு முன்னால் போய்க் குந்தினேன். அந்தச் சுவர் என் உயரம்கூட இல்லை. அடியில் சிவப்பு மணல். அதற்குள் படிகக்கல் சில்லுகள், காற்றில் பறக்காமல், விழுந்த இடத்திலேயே. மிக முந்திய காலத்தில் யாரோ அங்கே உட்கார்ந்து கல்லால் கல்லைத் தட்டியிருக்கிறார். அதற்கு மேலே இடுப்பளவுக்குச் சிப்பி. களப்பில் இறங்கிப் பொறுக்கி, சுட்டுத் தின்று, ஓட்டை அதே இடத்தில் போட்டவர்களின் குவியல். இடையிடையே மீன் முள், மான் எலும்பு, அடுப்புக் கரி. பேரன் போட்ட ஓட்டின் மேல் பேரனின் பேரன் போட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாண் கறுத்த மண்ணும் அதில் சட்டி உடைவுகளும். ஒரு துண்டைத் துடைத்துப் பார்த்தேன். சட்டி சுடாத பச்சை மண்ணாக இருந்தபோது ஒட்டிய நெல் உமியின் அச்சு அதில் தெளிவாக இருந்தது. வேட்டையாடித் திரிந்தவர்கள் போய், விதைத்துவிட்டு விளையும்வரை காத்திருக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். இவ்வளவும் ஒரு மண் சுவரில்!

சிப்பிக்கு நடுவில் அந்த ஆள் இருந்தார். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, நித்திரை கொள்வதுபோல. மண்டையோட்டின் பாதியை மெஷின் கொண்டுபோய்விட்டது. மீதி சுவருக்குள் இருந்தது. அவருக்கு மேலே சிப்பிப் படுக்கை பாய் விரித்ததுபோலக் கலையாமல் கிடந்தது. யாரும் பிற்காலத்தில் மேலிருந்து தோண்டி அவரை வைக்கவில்லை. மேலே கிடந்த சிப்பி அவ்வளவும் அவருக்குப் பிறகு தின்னப்பட்டது.

பொலிஸ் பொறுப்பதிகாரி நல்ல மனிதர். ஆனால் அவருக்கு அவசரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. அந்தக் கரையில் எலும்பு கிடைத்தால் ஊர் ஏன் கூடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யுத்த காலத்தில் களப்பிலும் கடலிலும் போய்த் திரும்பாத ஆட்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்: பழசா, புதுசா, ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

"பழசு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிறையச் சந்தோசம். சனம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் உரக்கச் சொன்னேன்: "பல ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஆள். பயப்பட வேணாம். இந்த மேட்டில இருக்கிறது எல்லாமே பழசு."

அதுதான் அந்த வசனம்.

சனம் கலைந்தது. ஒரு பெண் மட்டும் போகவில்லை. நாற்பது வயதிருக்கும். முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கயிற்றோரம் நின்றாள். பிறகு தெரிந்துகொண்டேன், அவள் பெயர் ஹபீபா; மேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வீடு.

"மிஸ், ஒரு கதை கேக்கணும்," என்று தன் கணவரைப் பற்றிச் சொன்னாள். "என்ட மாப்புள நிஸ்தார் உச்சமுனைத் தீவுக்குச் சாமான் ஏத்திக்கிட்டுத் தோணியில போனவர். தோணி மட்டும் கண்டல் மரத்துக்க கெடந்திச்சி. அவர் வரல்ல. பத்து வருசத்துக்கு மேல. இது அவரா ஈக்குமா?"

நான் சிரித்தேன். கேலியாக இல்லை, என் சந்தோசத்தில் சிரித்தேன். ஆனால் சிரித்தேன்.

"இல்ல ராத்தா. இவர் உங்கட வாப்பாட வாப்பாக்கெல்லாம் எவ்வளவோ முந்தினவர். உங்கட ஆள் இங்க இல்ல."

"இல்லயா?"

"இல்ல. நான் பொறுப்பு."

அவள் நெஞ்சில் கை வைத்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

மறுநாள் பிற்பகல் ஒரு கேத்தல் நிறையத் தேத்தண்ணியும் சீனி போட்ட அப்பமும் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். எங்கள் குழுவில் நாங்கள் ஐந்து பேர். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். மூன்று மணிக்கு வேலையை நிறுத்தி, நானும் அவளும் ஒரு பூவரச நிழலில் உட்காருவோம். எங்கள் படகுக்காரக் குடும்பத்துக் கதைகள் அவளுக்கு விளங்கின. அவளுடையவை எனக்கு விளங்கின. நிஸ்தார் என்ஜின் கயிறு சுற்றி இடக் கைச் சின்ன விரலின் நுனியை இழந்தவராம். அந்த மொட்டை விரலால் பிள்ளைகளின் காதைக் குடைந்து சிரிக்க வைப்பாராம். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள்.

"மவுத்தாயிட்டார் எண்டு தெரிஞ்சா இத்தா இருந்திருப்பன், மிஸ்," என்றாள் ஒரு நாள். கணவர் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது அவர்கள் மார்க்கம். "தெரியாமலே காலம் பெய்த்திச்சி. பொஞ்சாதியாவும் இல்ல, விதவையாவும் இல்ல. இப்ப நீங்க இல்லெண்டு செல்லிட்டீங்க. அப்ப எங்கயோ உசிரோட ஈக்கலாந்தானே? ஊட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டன்."

மேட்டின் சுண்ணாம்பா, கடைச் சுண்ணாம்பா என்று வேடிக்கையாகக் கேட்டேன். இருவரும் சிரித்தோம்.

ஒன்பதாவது நாள் காலை, வடக்குப் பக்கச் சுவரைச் சீவிக்கொண்டிருந்தேன். பெக்கோ தொடாத பக்கம் அது. மேட்டின் அந்த ஓரம் களப்புத் தண்ணீருக்கு மிகக் கிட்ட. கரண்டி ஓரிடத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. சிப்பிப் படுக்கையில் கரண்டி பட்டால் பல் கடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. பின்னால் நகர்ந்து பார்த்தேன். பாய்போலக் கிடந்த சிப்பி அந்த இடத்தில் அறுந்திருந்தது. இரண்டு பக்கமும் படுக்கை, நடுவில் கறுத்த மண்ணும் சிப்பியும் உமிச் சட்டித் துண்டும் ஒன்றாகக் கிளறிப் போடப்பட்ட கலவை. யாரோ மேலிருந்து குழி வெட்டி, வெட்டியதையே திரும்பப் போட்டு மூடியிருக்கிறார்கள். குழியின் அடியில் ஒரு கால் எலும்பு தெரிந்தது. அதன் நிறம் நம் பழைய ஆளின் நிறம் இல்லை. எலும்போடு ஒரு துண்டு நைலோன் துணி ஒட்டியிருந்தது.

நான் அதன் மேல் பொலித்தீனைப் போட்டு மூடிவிட்டு, போய்க் கை கழுவினேன்.

வரைபடம் போடும் சமிந்த என்னோடு பல வருடம் வேலை செய்தவர். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்து பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப மூடினார். பிறகு சிங்களத்தில், மிக மெதுவாகச் சொன்னார்: "மிஸ், இப்போது சொன்னால் இன்றைக்கே இடத்தைப் பூட்டுவார்கள். நம் ஆள் இன்னும் பாதி சுவருக்குள் இருக்கிறார். வானம் இருண்டு வருகிறது. நான்கு நாள் தாருங்கள். அவரை வெளியே எடுத்துவிட்டுச் சொல்வோம். இவர் எங்கேயும் போகப்போவதில்லை."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஐப்பசி மழை எந்த நாளும் இறங்கலாம். நம் ஆளை இடைநடுவில் விட முடியாத கட்டத்தில் இருந்தோம். பக்கங்களை வெட்டித் தனியாக்கியிருந்தோம், அடியைத்தான் இன்னும் வெட்டவில்லை. அப்படியே விட்டால் மழை தாங்காது. நான்கு நாள். நான் வாழ்நாளெல்லாம் கேட்ட வரத்துக்கும் எனக்கும் நடுவில் நான்கே நாள்.

அந்த மத்தியானம் முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை. சோறு சாப்பிட்டேன். பழைய ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முழங்கை எலும்பைச் சுற்றி மண்ணைத் துடைத்தேன். அவருடைய கை முகத்துக்குக் கீழே மடங்கி உள்ளே போயிருந்தது. அந்த முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நாட்குறிப்பைத் திறந்தேன். அன்றைய திகதியைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வடக்குச் சுவரில் ஒன்றுமில்லை என்று எழுதினால், நான் எழுதிய முதல் பொய் அதுவாக இருக்கும். பாதியில் விட்டேன்.

மூன்று மணிக்கு ஹபீபா கேத்தலோடு வந்தாள். வழமைபோல எனக்கு முதலில் ஊற்றினாள். கோப்பையைக் கையில் வாங்கினேன். குடிக்க முடியவில்லை.

"என்ன மிஸ், உடம்புக்குச் சொகமில்லயா?"

"ராத்தா, இருங்க," என்றேன். "நான் உங்களுக்குப் பிழையான கதை சொல்லிட்டன்."

அவள் உட்கார்ந்தாள்.

"இந்த மேட்டில எல்லாமே பழசு எண்டு சொன்னன். நான் அப்ப மேட்டின்ட ஒரு பக்கத்தைத்தான் பாத்திருந்தன். மத்தப் பக்கத்தில இன்னொரு ஆள் இருக்கிறார். அவர் பழைய ஆள் இல்ல. யாரெண்டு எனக்குத் தெரியாது. உங்கட ஆளாவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்ப பொலிசுக்குச் சொல்லப்போறன். அதுக்கு முதல் உங்களுக்குச் சொல்லோணும்."

கேத்தலின் மூடியைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். பிறகு, "வெள்ளை அடிச்சேனே, மிஸ்," என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். கேத்தலை எடுக்க மறந்துவிட்டாள்.

சமிந்தவிடம் பொலிசுக்கு அழைக்கச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அழைத்துவிட்டு வந்து, மணல் மூட்டைகளை எடுத்து நம் பழைய ஆளைச் சுற்றி அடுக்க ஆரம்பித்தார். பொலித்தீனை இரண்டு மடிப்பாகப் போட்டோம். அன்று மாலையே கயிறு கட்டி, இடத்தைப் பூட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சட்ட வைத்திய அதிகாரி வந்தார். வன்னியில் பிறந்தவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நான் இந்தத் தொழிலில் பெரிய ஆட்கள் பலரிடம் வேலை பழகினேன். ஆனால் யாரிடம் கற்றேன் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். மூன்று நாள்தான் அவரோடு வேலை செய்தேன்.

வந்தவுடன், பொலிஸ் எழுதி வைத்திருந்த என் முதல் நாள் வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாமே பழசு எண்டு சொல்லியிருக்கிறியள். இதில எதைக் கண்டு சொன்னனீங்கள், எதை நினைச்சுச் சொன்னனீங்கள்?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டியிருந்தது. நான் பிரித்துச் சொன்னேன். தெற்குச் சுவரில் இருந்த ஆளுக்கு மேலே படுக்கை கலையவில்லை: அது கண்டது. மேடு முழுவதும் அப்படித்தான் இருக்கும்: அது நினைத்தது. அவர் தலையாட்டிவிட்டு, "எனக்கும் இது நடந்திருக்கு. எங்கட பக்கத்தில நிறைய நடந்திருக்கு," என்றார். பிறகு கையுறையை நீட்டினார். "நீங்கள்தான் கிண்ட வேணும். இந்தச் சிப்பிக்க எனக்குக் கை ஓடாது."

ஒருவர் பிழை விட்டு நிற்கும்போது அவர் கையிலேயே வேலையைத் திரும்பக் கொடுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நான் பிறகுதான் யோசித்தேன்.

மூன்று நாளும் அந்தக் குழியில் இருந்தேன். கை எலும்புகளுக்கு வந்தபோது மண்ணை ஒரு பிடியும் விடாமல் அரிதட்டில் போட்டு அரித்தோம். விரல் எலும்பு சின்னது, தொலையக்கூடியது. ஒன்று இல்லையென்றால் அது முன்பே இல்லையா, நாம் தொலைத்துவிட்டோமா என்ற கேள்வி வரும். இடக் கைச் சின்ன விரலின் நுனி எலும்பு கிடைக்கவில்லை. அதற்கு முந்திய எலும்பின் முனை உடைந்த மாதிரி இல்லாமல், ஆறி உருண்டு போயிருந்தது. வைத்தியர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நிஸ்தாரின் விரல் கதை தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் சொன்னேன். எலும்போடு பொருத்திப் பார்க்க, நிஸ்தாரின் மகள் ஒருத்தியிடம் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

இன்னொன்றும் எழுதினோம். அந்த ஆள் குழியில் போட்டபடி கிடக்கவில்லை. வலப் பக்கம் ஒருக்களித்து, தலை வடக்கே, முகம் மேற்கே பார்க்கும்படி கிடத்தப்பட்டிருந்தார். எலும்பில் வெட்டுக் காயமோ துப்பாக்கிச் சூடோ இல்லை. எப்படி இறந்தார் என்று வைத்தியரால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் முடியுமுன்னே மழை தொடங்கியது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் கயிற்றைத் தாண்ட முடியாது. பழைய ஆளுக்காகக் கடிதம் எழுதினேன், தொலைபேசியில் பேசினேன், நேரில் போய் நின்றேன். எவரும் என்னை அவமதிக்கவில்லை, ஒழுங்கு ஒழுங்குதான். அனுமதி கைக்கு வந்தபோது மழை ஐந்து நாள் பெய்து விட்டிருந்தது. களப்பு மேலேறி, பெக்கோ வெட்டிய பள்ளத்துக்குள்ளும் நுழைந்து, மேட்டின் காலைத் தின்றிருந்தது. சமிந்த அடுக்கிய மூட்டைகள் தண்ணீரில் கிடந்தன. தெற்குச் சுவர் இல்லை. சிப்பி, சிவப்பு மணல், கறுத்த மண் எல்லாம் ஒரே குழம்பாகக் களப்புக்குள் இறங்கியிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு நாள் அரித்தோம். மூன்று பல்லும் கொஞ்சம் கல் சில்லும் கிடைத்தன.

அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. மரியாதைக்கு 'அவர்' என்கிறேன். எங்கள் கரையில் அப்படியொருவர் அதன்பின் கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை நான் தேடாத மேடு இல்லை. இப்போதும் களப்போரம் பஸ்ஸில் போனால் கண் தானாகவே வெளியே போய்விடுகிறது.

நான்கு நாள் பொறுத்திருந்தால் அவர் இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருப்பார். நீங்கள் எல்லோரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். உண்மைதான். அந்த நான்கு நாளும் மூன்று மணிக்கு ஹபீபா கொண்டுவரும் தேத்தண்ணியை நான் குடித்திருக்கவும் வேண்டும். அதுவும் உண்மைதான். என்னால் முடிந்திருக்காது. அதனால் நான் சரியாகச் செய்தேன் என்று பெருமையாகச் சொல்லவும் வரவில்லை. முதல் நாளே வடக்குச் சுவரையும் சீவிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்திருந்தால், அன்றைக்கே பொலிசும் வைத்தியரும் அவர்கள் வேலையைச் செய்திருப்பார்கள். மழைக்கு முன்னே இரண்டு பேரையும் எடுத்திருக்கலாம். பழைய ஆளைக் களப்பில் கரைத்தது மழை இல்லை. என் வசனம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வர மாதங்கள் ஆயின. அது நிஸ்தார்தான். எலும்புகளை வீட்டாரிடம் ஒப்படைத்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, தொழுகை வைத்து, அவர்கள் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள். நான் வெளியே வாசலில் நின்றேன்.

சில வாரம் கழித்து ஹபீபாவைப் பார்க்கப் போனேன். கேத்தலையும் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தாள். இத்தா இருக்கிறாளா என்று கேட்டேன்.

"மௌலவி செல்றார், தேவையில்லயாம். அவர் மவுத்தான நாளிலேருந்துதான் கணக்காம். அந்த நாலு மாசம் பத்து நாளும் எப்பவோ முடிஞ்சி பெய்த்திச்சாம், எனக்குத் தெரியாமலே." அவள் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டாள். "மார்க்கத்துக்குத் தேவையில்ல. எனக்குத் தேவயா ஈக்கி, மிஸ். கொஞ்ச நாள் இப்பிடியே இருந்திட்டு எழும்புறன்."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்காததுபோல வேறொன்று கேட்டாள்.

"அவரக் குழிக்க வெச்சது ஆரு?"

"தெரியாது ராத்தா."

"ஒங்களுக்கு என்ன தெரியும்?"

நல்ல கேள்வி. நான் யோசித்து, கண்டதை மட்டும் சொன்னேன். வலப் பக்கமாகக் கிடத்தியிருந்தது. முகம் மேற்கே இருந்தது. குழி முழங்கால் ஆழத்துக்கு மேல், சிப்பியை வெட்டி. அதை வெட்ட ஒரு ஆளுக்குப் பாதி நாளாவது போயிருக்கும். மேலே எடுத்த மண்ணையெல்லாம் திரும்பப் போட்டு மூடியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். யாரோ ஒரு மீனவர் கரையில் ஒதுங்கிய உடலைக் கண்டு, அந்தக் காலத்தில் வெளியே சொல்லப் பயந்து, தெரிந்த முறைப்படி அடக்கிவிட்டுப் போயிருக்கலாம் என்பது நான் நினைத்தது. அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிப்லாப் பக்கம் திருப்பி வெச்சிருக்காங்க," என்று தனக்குள்ளே சொன்னாள். தொழுகையில் அவர்கள் முகம் பார்க்கும் மக்காவின் திசை அது.

பிறகு கேட்டாள்: "மத்தவர்? அந்தப் பழைய ஆள்? அவர எடுத்தீங்களா?"

மழையின் கதையைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். ஆனால் குரல் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புருசனை அடக்கிவிட்டு வந்தவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை.

"அவங்களுக்கெல்லாம் பேர் இருந்திருக்குமா, மிஸ்?"

எலும்பும் கல்லும் பெயரைச் சொல்லாது. நான் கண்டது எதுவுமில்லை. இருந்தும் அந்த ஒரு தடவை, நினைத்ததைச் சொன்னேன்.

"ஓம் ராத்தா. இருந்திருக்கும்."

"அப்ப ஆராச்சும் அந்தப் பேரச் செல்லிக் கரையில நிண்டு கூப்பிட்டிருப்பாங்க," என்றாள் ஹபீபா.